பாட்டு முடியுமுன் சாகிறவள்

நகுலேஸ்வரி முதன்முதலாகச் செத்தது தோர்ண்டன் ஹீத் ரயில் நிலையத்தில், நல்ல வெயில் எறித்த ஒரு சனிக்கிழமை. செத்து எழும்பிச் சேலையில் ஒட்டிய தூசியைத் தட்டிவிட்டு, வெம்பிளிக்கு ரயில் பிடித்துப் போய், தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் நின்ற மகனைக் கூட்டிவந்து, பின்னேரம் இடியப்பமும் அவித்தாள். அப்போது அவளுக்கு முப்பது வயதுகூட நிறையவில்லை. அதற்குப் பிறகும் அவள் செத்துக்கொண்டேதான் இருந்தாள்.

அவளைச் சாகடித்தவர் கொட்வின்.

வெறும் கொட்வின் என்று கேட்டால் லண்டன் தமிழர் 'எந்தக் கொட்வின்' என்பார்கள். 'கவ்போய் கொட்வின்' என்றால் சவுத்தாலில் நிற்பவரும் கை காட்டி வழி சொல்வார். குருநகரில் பிறந்து, இலங்கை வானொலியின் ஆங்கில சேவையில் அமெரிக்க நாட்டுப்புறத்தார் கிட்டார் அடித்து அழுவதைக் கேட்டு வளர்ந்தவர். அந்தப் பாட்டுகளில் குதிரை வரும், ரயில் வரும், தூரத்தில் ஒரு வீடு வரும், கடைசிச் சரணத்தில் யாராவது ஒருவர் செத்துப்போவார். இதெல்லாம் எங்கள் சனத்துக்கும் நடக்கிறதுதானே, குதிரை ஒன்றுதானே குறை என்று நினைத்த கொட்வின், 'கன்ட்ரி' பாட்டைத் தமிழில் பாடத் தொடங்கினார். விளிம்பு வளைந்த தொப்பி, குதியுயர்ந்த சப்பாத்து, தொங்கு மீசை. லண்டன் மழைக்குள் அந்த வேடத்தோடு பஸ்ஸுக்கு நிற்பதற்கே தனித் துணிச்சல் வேண்டும்.

அவருடைய முதல் பாட்டு இப்படித் தொடங்கும்:

'ஆறு மணி ரயிலேறிப் போனவளே – நீ
ஊற்றிவைத்த தேத்தண்ணி ஆறிப்போச்சே.'

பாட்டைக் கசற்றில் கேட்டவர்கள் சிரித்தார்கள். வீடியோவாக எடுத்தால் அழுவார்கள் என்று கொட்வின் நம்பினார். அதற்கு ரயிலேறிப் போகிற ஒருத்தி வேண்டும், போனவள் சாகவும் வேண்டும், அவளுடைய படத்துக்கு மாலையும் போட வேண்டும். பெண்சாதி கிளறிற்றாவைக் கேட்டார்.

"உமக்காக நான் உண்மையா ஒருக்காச் சாவன். அது காணும்," என்றாள் கிளறிற்றா.

தெரிந்த பெண்கள் எல்லோரையும் கேட்டுப் பார்த்தார். நடிக்க வருவோம், செத்தும் காட்டுவோம், படத்துக்கு மாலை மட்டும் போடக் கூடாது என்றார்கள். உயிரோடு இருக்கிறவளின் படத்துக்கு மாலை போட்டால் எமனுக்கு நாங்களே விலாசம் எழுதிக் கொடுத்தமாதிரி என்பது அவர்களுடைய பயம். அப்போது கொட்வினோடு பார்க் ரோயலில் ஒரு பிஸ்கட் பக்ரரியில் ஒரே ஷிப்ட் செய்தவர் சச்சிதானந்தன், நகுலேஸ்வரியின் புருசன். விசயத்தைப் பகிடியாக வீட்டில் சொன்னார். நகுலேஸ்வரி மா குழைத்த கையோடு, "நான் சாகிறன்," என்றாள்.

அவளுக்குப் பயமில்லாததற்குக் காரணம் இருந்தது. அவள் பிறந்தபோது சாதகம் கணித்த சாத்திரியார், 'இந்தப் பிள்ளைக்குத் தீர்க்காயுள், எமன் வீடு தேடிக் களைச்சுத் திரும்பிப் போவான்' என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஊரில் தலைக்கு மேலால் ஷெல் போன காலத்திலும் அவள் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தாள். கேவலம் ஒரு மாலைக்கா பயப்படுவாள்?

வீடியோ எடுத்தவன் எட்வேட், கலியாண வீடியோக்காரன். கலியாணத்துக்கு வைத்திருந்த வித்தைகளை எல்லாம் சாவுக்கும் போட்டான். முதல் இரண்டு மூன்று பாட்டுகளிலும் நகுலேஸ்வரியின் முகம் இதய வடிவத்துக்குள் சுருங்கித்தான் மறையும், ஓரத்தில் ரோசாப்பூவும் விழும். குதிரை வேண்டும் என்று கொட்வின் பிடிவாதம் பிடித்தபோது, கடற்கரை ஒன்றில் குழந்தைகள் சவாரி போகும் கழுதையைக் காட்டினான். பெரியவர்கள் ஏறக் கூடாது என்று கழுதைக்காரி சொல்லிவிட்டாள். கொட்வின் கழுதைக்குப் பக்கத்தில் நடந்தபடி தோளைக் குலுக்கினார், எட்வேட் அவரை இடுப்புக்கு மேலே மட்டும் எடுத்தான். நீண்ட காது தெரிந்த இடங்களைப் பிறகு வெட்டிவிட்டான். கனடாவிலிருந்து ஒருவர், 'குதிரைச் சவாரியைக் கொட்வின் எங்கே படித்தார்' என்று விசாரித்தாராம்.

அந்தக் காலத்தில் சாவதற்கு நேரம் இருந்தது. முதல் சரணத்தில் நகுலேஸ்வரி சிரிப்பாள். இரண்டாம் சரணத்தில் இருமுவாள். மூன்றாவதில் யன்னலால் பார்த்துக்கொண்டு இருப்பாள். நாலாவதில் கொட்வின் கதவைத் தட்டுவார், அவள் போய்ச் சேர்ந்திருப்பாள். அதையே பனியிலும் எடுத்தார்கள், கடலிலும் எடுத்தார்கள். ஒருமுறை பஸ் தரிப்பிடத்தில் அவள் செத்துக் கிடக்க, உண்மையாகவே பஸ்ஸுக்கு நின்ற வெள்ளைக்காரக் கிழவர் ஒருவர் தன் மேற்சட்டையைக் கழற்றிப் போர்த்துவிட்டார். அந்தக் காட்சியை எட்வேட் வெட்டவில்லை. அந்தப் பாட்டுக்குத்தான் சனம் கூட அழுதது.

சாவதில் நகுலேஸ்வரிக்கு ஒரு சட்டம் இருந்தது. புதிதாக நடிக்க வருகிறவர்களுக்கும் சொல்லிக் கொடுப்பாள். "கை முதலில விழவேணும், கண் கடைசியிலதான் மூடவேணும். கண் முதலில மூடினால் அது நித்திரை. கை முதலில விழுந்தால்தான் சாவு." கொட்வின் இதைக் கேட்டுக் கேட்டு, தான் கண்டுபிடித்ததுபோல் வானொலிப் பேட்டிகளிலும் சொல்லத் தொடங்கியிருந்தார்.

பிறகு வீடியோ இணையத்துக்கு வந்தது, சாவுக்கும் அவசரம் வந்தது. "முப்பது செக்கனுக்குள்ள சாகாட்டிச் சனம் வேற பாட்டுக்குப் போயிடும் அக்கா," என்றான் எட்வேட். நகுலேஸ்வரி சிரிக்க நேரமில்லாமல் செத்தாள். அதைவிடப் பெரிய மாற்றம் ஒன்று மெல்ல மெல்ல நடந்தது. தொடக்கத்தில் அவள் காதலி. பிறகு மனைவி. பிறகு ஒருநாள் கொட்வின் தொண்டையைச் செருமி, "இந்த முறை நீர் அம்மா," என்றார். கொட்வின் அவளுக்கு நாலு வயது மூத்தவர். அவருடைய மீசைக்கு மாதாமாதம் கறுப்பு ஏற, அவளுடைய தலை தன்பாட்டில் நரைத்துக்கொண்டிருந்தது. கதையில் கொட்வின் என்றைக்கும் காதலன்தான், வயது போகிற வேலையையும் சாகிற வேலையையும் அவளிடமே விட்டுவிட்டார்.

வீட்டில் சச்சிதானந்தன் இதையெல்லாம் பெரிதாக எடுக்கவில்லை. "இத்தினை தரம் தாரமிழந்தவன் லண்டனில நான் ஒருத்தன்தான். ஒருநாள்கூட லீவு கிடைக்கேல்லை," என்பார். ஒருமுறை ஜேர்மனியில் இருக்கும் தூரத்துச் சொந்தக்காரி ஒருத்தி, கடையொன்றில் சத்தமில்லாமல் ஓடிய வீடியோவில் மாலை போட்ட படத்தைக் கண்டுவிட்டு அழுதழுது ரெலிபோன் எடுத்தாள். சச்சிதானந்தன் ஆறுதலாகக் கேட்டுவிட்டு, "ஓம் ஓம், பக்கத்திலதான் நிக்கிறா, குடுக்கிறன்," என்றார். அந்தப் பக்கம் ரெலிபோன் விழுந்த சத்தம் கேட்டது.

நகுலேஸ்வரி வேலை செய்த பள்ளிக்கூடச் சமையலறையிலும் தமிழ்ப் பிள்ளைகள் தட்டோடு வரிசையில் நின்று, "நீங்கள் சாகிற அன்ரிதானே," என்று கேட்பார்கள். "ஓம் ராசா, கரட்டையும் சாப்பிடும்," என்று கூடவே ஒரு கரண்டி போடுவாள். முப்பது வருடம் அவளுக்கு அது பெருமையாகவே இருந்தது, கலாவதி கலியாண அழைப்புக் காட்டோடு வீட்டுக்கு வந்த நாள்வரைக்கும்.

கலாவதி அவளுடைய தம்பி யோகராஜாவின் பெண்சாதி. மகள் கோசிகாவுக்குக் கலியாணம். அந்தப் பிள்ளையைத் தாய் ஷிப்டுக்குப் போன நாட்களில் எல்லாம் தூக்கி வளர்த்தது நகுலேஸ்வரிதான். பல் முளைத்ததும், முதல் பல் விழுந்ததும், காதுகுத்தி அழுததும் அவளுடைய மடியில். அவளுக்குப் பெண்பிள்ளை இல்லை. கோசிகாவின் மணவறையில் ஆராத்தித் தட்டைப் பிடிக்கிற இரண்டு பேரில் ஒருத்தி தான் என்பதை அவள் யாரிடமும் கேட்டு வைத்திருக்கவில்லை. கேட்க வேண்டும் என்றே தோன்றாத அளவுக்கு அது நிச்சயமாக இருந்தது. புருசன் உயிரோடு இருக்கிற சுமங்கலி, பிள்ளைக்கு மாமி, வேறு என்ன வேண்டும்?

"மச்சாள், நீங்கள் குறை நினைக்கக் கூடாது," என்று தொடங்கினாள் கலாவதி.

ஒருவர் அப்படித் தொடங்கினால், குறை வாசலில் வந்து செருப்புக் கழற்றுகிறது என்று அர்த்தம்.

"கலியாண எழுத்தண்டு நீங்கள் பலகாரத் தட்டு நீட்டினனீங்கள் எல்லே, அப்ப மாப்பிள்ளையின்ர தாய் பயந்துபோட்டா."

"பயறம் பணியாரத்துக்கோ?"

"உங்களுக்கு. அவ நீங்கள் போன வருசம் செத்திட்டீங்கள் எண்டு நினைச்சுக்கொண்டு இருந்திருக்கிறா. மாலை போட்ட படத்தைப் பாத்து அழுதவவாம்."

கதிரையில் இருந்த சச்சிதானந்தன், "அவவுக்கு என்ர நன்றியைச் சொல்லிவிடுங்கோ. நான்கூட அழேல்லை," என்றார்.

கலாவதி சிரிக்கவில்லை. கோப்பையின் பிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஆராத்திக்கு வேற ஆளைப் பிடிக்கச் சொல்லுறா மச்சாள். செத்துச் செத்து எழும்புற ஆள் மணவறையில விளக்கைச் சுத்தினால் அவவுக்கு மனம் ஒத்துக்கொள்ளாதாம். நான் எவ்வளவோ சொல்லிப் பாத்தன். ஒரு பாட்டிலயாவது நீங்கள் கடைசி மட்டும் உசிரோட நிண்டிருந்தால், அதைக் காட்டியாவது சமாளிச்சிருப்பன்."

கூட வந்த கோசிகா போனிலிருந்து தலையை நிமிர்த்தினாள். "அம்மா, இற்ஸ் சோ ஸ்ருப்பிட். மாமிதான் செய்யோணும். அவ ஸ்ரார். மிச்சம் எல்லாரும் எக்ஸ்ட்ராஸ்."

"நீ சும்மா இரு," என்றாள் தாய். "உனக்கு இனி மாமியார் வீட்டிலதான் சாப்பாடு."

நகுலேஸ்வரி கலாவதியின் கோப்பையைப் பார்த்தாள். "தேத்தண்ணி ஆறுது, குடியும்," என்றாள். அவர்கள் போனபிறகு காட்டைச் சாமிப்படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு, வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். சச்சிதானந்தன் அதைக் கண்டுவிட்டுப் பகிடி ஒன்றும் விடவில்லை. அதிலிருந்தே அவளுடைய முகம் எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ளலாம்.

அடுத்த நாள் அவள் தோர்ண்டன் ஹீத்தில் இருக்கும் கொட்வின் வீட்டுக்குப் போனாள். கொட்வின் பாடத் தொடங்கி நாற்பது வருடம் நிறைகிறது, அதற்கொரு பாட்டு எழுதிப் பதிந்தும் வைத்திருந்தார். கலியாணத்துக்கு முதலே வீடியோ வெளிவர இருந்தது.

"இந்த முறை நான் உங்களுக்கு ஆர் அண்ணை?" என்று கேட்டாள்.

"அம்மா."

"போனமுறையும் அம்மா."

"இது வேற அம்மா," என்றார் கொட்வின். "பிள்ளை கன காலத்துக்குப் பிறகு வீட்ட வாறான். நீர் வாசலில நிண்டபடியே…"

"நான் சாகமாட்டன்."

கொட்வின் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார். அவர் தொப்பியைக் கழற்றுவது தேவாலயத்திலும் நித்திரையிலும் மட்டும்தான். நகுலேஸ்வரி கலியாணக் கதை முழுவதையும் சொன்னாள்.

"இத்தினை தரம் செத்திட்டன். ஒருக்கா உசிரோட விடுங்கோவன்."

"எத்தினை தரம், ஒரு பத்து இருக்குமோ?"

"பன்னிரண்டு."

"ஆவியா வந்ததை எண்ணக் கூடாது. அதில நீர் தொடக்கத்திலயே செத்திருந்தனீர்." கொட்வினுக்கும் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் கதை என்று வந்தால் அவர் கல். "பிள்ளை, கன்ட்ரி பாட்டுக்கு ஒரு சாவு வேணும். சாவில்லாட்டி அது கன்ட்ரி இல்லை, பிறந்தநாள் பாட்டு."

"அப்ப நீங்கள் சாகுங்கோ."

கமராவைத் துடைத்துக்கொண்டிருந்த எட்வேட் துடைப்பதை நிறுத்தினான். கொட்வினின் வலது கை மேசைக்குக் கீழே மெல்லச் சிலுவை போட்டது.

"நான் செத்தால் பாட்டை ஆர் பாடுறது?"

"அது முதலே பதிஞ்சதுதானே. வாயசைக்க ஆள் வேணுமெண்டால் நான் அசைக்கிறன்."

"எனக்குப் பிரஷர் இருக்கு."

"எனக்கும் இருக்கு. நான் பிரஷரோடதான் போன ரண்டு தரமும் செத்தனான்."

குசினிக்குள் கிளறிற்றா சிரிக்கிற சத்தம் கேட்டது. கொட்வின் வேறு வழி தேடினார். குதிரை சாகட்டும் என்றார். குதிரை எங்கே என்று எட்வேட் கேட்டான். நாய் சாகட்டும் என்றார். கிளறிற்றா தன் நாயைத் தூக்கிக்கொண்டு மேல்மாடிக்குப் போய்விட்டாள். கடைசியில், "நீர்தான் சாகிறீர். ஆனால் மாலை காட்டமாட்டன், சரியோ," என்று தீர்ப்புச் சொன்னார். நகுலேஸ்வரி உடனே தலையாட்டினாள். முப்பது வருடம் அவளைத் தெரிந்த ஒருவர் அந்தத் தலையாட்டலுக்குப் பயந்திருக்க வேண்டும். கொட்வினோ தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

படம் பிடிக்கிற நாளன்று நகுலேஸ்வரி வெம்பிளியிலிருந்து ஒரு பை சாப்பாடு கொண்டுபோனாள். குரக்கன் புட்டு, எலும்போடு ஆட்டிறைச்சிக் கறி, கத்தரிக்காய்ப் பால்கறி. கொட்வின் காலையில் வாசல் கதவைத் தட்டினார், தெருவில் நடந்தார், வாடிய ரோசாவைப் பார்த்தார். மத்தியானம் புட்டுக்கு மேலே புட்டுப் போட்டுச் சாப்பிட்டார். கிளறிற்றா பக்கத்தில் நின்று கறியை ஊற்றிக்கொண்டே இருந்தாள்.

"ஒரு கண் அயர்ந்துபோட்டு வாறன். பிறகு உம்மட சாவை எடுப்பம்," என்று சொல்லிவிட்டுப் போய்ச் சோபாவில் சாய்ந்தார். அவர் படுக்கிற விதம் நண்பர்களுக்குள் பேர்போனது. சப்பாத்தைக் கழற்ற மாட்டார். தொப்பியை நெஞ்சின்மேல் வைத்து, இரண்டு கையையும் அதற்குமேல் கோத்து, நேராகக் கிடப்பார். பார்க்கிறவர்கள் மெழுகுதிரி தேடுவார்கள்.

குறட்டை தொடங்கியதும் நகுலேஸ்வரி எட்வேட்டைப் பார்த்தாள். "கமராவை எடு."

"அண்ணை என்னைக் கொல்லுவார் அக்கா."

"ஆக்களைக் கொல்லுறதுதானே அவற்ற தொழில். இவ்வளவு காலமும் நான் மட்டும்தான் செத்தனான், நீயும் ஒருக்காச் செத்துப்பார்."

"குறட்டை விடுறார்."

"சத்தத்துக்குத்தான் பாட்டு இருக்கே."

"மீசை ஆடுது."

"தூரத்தில நிண்டு எடு. கழுதையைக் குதிரையாக்கினனீ, இது ஏலாதோ உனக்கு?"

கிளறிற்றா யன்னல் திரையை வெளிச்சத்துக்கு ஏற்றாற்போல் விலக்கிவிட்டாள். ஆனால் ஒரு விரலை உயர்த்தி, "மாலை மட்டும் போடக் கூடாது, சொல்லிப்போட்டன்," என்றாள். என்ன இருந்தாலும் அவளுடைய புருசன்.

நகுலேஸ்வரி கையில் தேத்தண்ணிக் கோப்பையோடு கமராவுக்குள் வந்தாள். சோபாவின் பக்கத்தில் கோப்பையை வைத்தாள். கொஞ்ச நேரம் அவரைப் பார்த்தாள். பிறகு கோத்திருந்த கைகளில் ஒன்றை மெதுவாக எடுத்துவிட்டாள். அது சோபாவின் விளிம்பால் வழுகித் தொங்கியது. கொட்வின் நித்திரைக்குள், "எலும்பு ஒண்டு போடும்," என்று முணுமுணுத்துவிட்டு மறுபடி குறட்டைக்குப் போனார். கிளறிற்றா முந்தானையை வாய்க்குள் அடைத்தாள். நகுலேஸ்வரியின் முகத்தில் ஒரு நரம்பும் அசையவில்லை. இத்தனை சாவு செத்தவளுக்குச் சிரிப்பை அடக்குவதா பெரிய வேலை?

அவள் தொப்பியை எடுத்தாள். தன் நரைத்த தலையில் வைத்தாள். கதவைத் திறந்து வெளியே நடந்தாள். எட்வேட் பின்னால் ஓடினான். முன்னொரு காலத்தில் அவள் செத்துக் கிடந்தது போன்ற ஒரு பஸ் தரிப்பிடம், நல்லவேளையாகப் பஸ்ஸும் வந்தது. சேலையும் கவ்போய்த் தொப்பியுமாக ஏறி, இலவசப் பயணக் காட்டை வைத்து டிக் என்று அடித்து, மேல்தட்டின் முன் இருக்கையில் போய் இருந்தாள். பஸ் திரும்பி மறையும்வரை எட்வேட் எடுத்தான். அடுத்த தரிப்பிடத்தில் இறங்கி, தொப்பியைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டு நடந்து வந்தபோது கொட்வின் எழும்பித் தொப்பியைத் தேடிக்கொண்டிருந்தார். பிறகு அவர் ஆசைப்படியே வாசலில் நின்றபடி அவள் செத்தும் கொடுத்தாள். நல்ல சாவு. அது எட்வேட்டின் கணினிக்குள் இன்றைக்கும் கிடக்கிறது.

கொட்வின் தன் வீடியோக்களை முதலில் தனியாகப் பார்ப்பதில்லை. சனத்தோடு சேர்ந்துதான் பார்ப்பார், சனம் அழுகிற இடத்தில் தானும் அழுவார். அது அவருடைய வழக்கம். வெளியீடு தேவாலய மண்டபம் ஒன்றில் நடந்தது. பெரிய திரை, மட்டன் ரோல்ஸ், முன்வரிசையில் புதுத்தொப்பியோடு கொட்வின். நகுலேஸ்வரி அழைத்திருந்ததால் கலாவதி வந்திருந்தாள், மாப்பிள்ளையின் தாயையும் கூட்டிவந்திருந்தாள். அந்த அம்மா நகுலேஸ்வரிக்கு இரண்டு கதிரை தள்ளியே இருந்தார்.

பாட்டு ஓடியது. கொட்வின் தெருவில் நடந்தார், கதவைத் தட்டினார். பிறகு சோபா வந்தது. யன்னல் வெளிச்சம், சப்பாத்து, நெஞ்சில் தொப்பி. நகுலேஸ்வரி தேத்தண்ணியோடு வருகிறாள். கை வழுகி விழுகிறது. மண்டபத்தில் ரோல்ஸ் கடிக்கிற சத்தமும் நின்றது. அவள் தொப்பியைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறியபோது நாலைந்து பெண்கள் மூக்கைச் சீறினார்கள். பின்வரிசையில் ஒருவர், "நல்ல மனிசன்," என்றார்.

வெளிச்சம் போட்டதும் முன்வரிசைக்காரர் ஒருவர் எழும்பிப் போய்க் கொட்வினின் கையை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்து, ஒன்றும் பேசாமல் தலையை ஆட்டிவிட்டு வந்தார். செத்தவீட்டில் செய்கிறதுதான், பழக்கதோசம். கிளறிற்றாவின் போன் அடித்தது. பாரிஸில் நேரலையாகப் பார்த்துக்கொண்டிருந்த கொட்வினின் தமக்கை. "இருக்கிறார் மச்சாள், இருக்கிறார். ரோல்ஸ் கையில கிடக்கு," என்றாள் கிளறிற்றா.

இங்கேதான் நகுலேஸ்வரி கணக்கு வைக்காத ஒன்று நடந்தது. கலாவதி குனிந்து அவளுடைய காதுக்குள், "ஐயோ மச்சாள், என்ன வேலை பாத்தனீங்கள். மனிசன் செத்துப் பெண்சாதி தனியப் போறமாதிரியெல்லே கிடக்கு. முதல் உங்களைச் செத்தவ எண்டு சொன்ன மனிசி, இப்ப விதவை எண்டு சொல்லப்போறா," என்றாள். இரண்டு கதிரை தள்ளி, மாப்பிள்ளையின் தாய் கண்ணைத் துடைத்தபடி நகுலேஸ்வரியின் நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தார். செத்தவளுக்காவது ஆராத்தித் தட்டு ஒருவேளை கிடைத்திருக்கும். திரையில் தாலியறுத்தவளுக்கு அதைத் தொடவும் விடமாட்டார்கள்.

அவளைக் காப்பாற்றியது கொட்வினின் பயம். இன்னும் இரண்டு பேர் கையைப் பொத்திப் பிடித்துத் துக்கம் விசாரித்ததை அவரால் தாங்க முடியவில்லை. விறுக்கென்று எழும்பி மைக்கைப் பிடித்தார்.

"நான் சாகேல்லை," என்றார். மண்டபம் சிரித்தது. "சிரிக்காதேங்கோ. வீடியோவிலயும் நான் சாகேல்லை. அது நித்திரை. வடிவாப் பாருங்கோ, கண்தான் முதலில மூடியிருக்கு, கை பிறகுதான் விழுகுது. கண் முதலில மூடினால் நித்திரை. இது நகுலா சொன்ன சட்டம். நகுலா, சொல்லும் இவைக்கு."

எல்லோரும் திரும்பினார்கள். முப்பது வருடம் அவளுடைய உயிர் அவர் கையில் இருந்தது, இப்போது அவருடையது அவள் கையில். நகுலேஸ்வரி கோப்பையில் இருந்த மிச்சத் தேத்தண்ணியைக் குடித்தாள். கொட்வினின் மீசை ஆடியது, இந்த முறை விழித்திருக்கும்போதே.

"நகுலா," என்றார் மறுபடி, கெஞ்சலாக.

"ஓம், நித்திரைதான்," என்றாள் அவள். "மத்தியானம் ஆட்டிறைச்சி. மனிசன் குறட்டை விட, எனக்கு அலுத்துப்போச்சு. தொப்பியைப் போட்டுக்கொண்டு வீட்ட போறன். அவ்வளவுதான் கதை."

பெண்கள் பக்கத்திலிருந்துதான் முதலில் சிரிப்பு எழும்பியது. எந்த வீட்டில்தான் மத்தியானக் குறட்டை இல்லை? சற்று முன் மூக்கைச் சீறியவர்களே கையைத் தட்டினார்கள். "திரும்பப் போடு," என்று ஒருத்தி கத்த, எட்வேட் திரும்பப் போட்டான். இரண்டாம் தடவை கை விழுந்த இடத்தில் மண்டபம் குலுங்கியது.

நகுலேஸ்வரி மாப்பிள்ளையின் தாயின் பக்கம் திரும்பினாள். "பாத்தீங்களோ. அவரும் சாகேல்லை, நானும் சாகேல்லை. குங்குமமும் கிடக்கு." பின்னால் நின்ற சச்சிதானந்தனைக் காட்டினாள். "என்ர ஆளும் கிடக்கிறார்."

"கிடக்கிறன்," என்றார் சச்சிதானந்தன், வாய்க்குள் ரோல்ஸோடு.

அந்த அம்மா சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. எழும்பி இரண்டு கதிரையைத் தாண்டி வந்து பக்கத்தில் இருந்தார். "என்ர மனிசனும் சப்பாத்தோடதான் படுக்கிறவர்," என்றார். பிறகு கலாவதிக்குக் கேட்கும்படியாக, "ஆராத்திக்கு என்ர தங்கச்சி ஒரு பக்கம் பிடிக்கட்டும். மற்றப் பக்கம் இவ பிடிக்கட்டும்," என்றார்.

கலியாணத்தன்று நகுலேஸ்வரி அரக்குக் கூறை கட்டியிருந்தாள். தட்டில் வெட்டிய வாழைப்பழத் துண்டுகளில் திரிகள் எரிந்தன. ஒரு பக்கம் மாப்பிள்ளையின் சின்னம்மா, மறுபக்கம் அவள். கோசிகா மணவறையில் இருந்து, "மாமி, டோன்ற் டை," என்று உதட்டை மட்டும் அசைத்தாள். நகுலேஸ்வரி சிரிக்காமல் தட்டை மூன்றுதரம் சுற்றினாள். தொட்டுப் பொட்டு வைக்கும்போதுதான் கண் கலங்கியது. அதை எட்வேட் கிட்டப் போய் எடுத்தான். இதய வடிவம் போட வேண்டாம் என்று முதல்நாளே அவனுக்குச் சொல்லியிருந்தாள்.

சாப்பாட்டுப் பந்தியில் கொட்வின் வந்து எதிரே இருந்தார். வெளியீட்டுக்குப் பிறகு இரண்டு கிழமை அவர் அவளோடு கதைக்கவில்லை. ஆனால் அந்தப் பாட்டைச் சனம் பார்த்த பார்வை அவருடைய கோபத்தைக் கரைத்துவிட்டது. அவர் நாற்பது வருடம் பாடியதில் இந்தளவு பேர் பார்த்தது அவர் குறட்டை விட்ட பாட்டைத்தான்.

"அந்தப் பழைய தொப்பி," என்றார் கொட்வின்.

"அது என்ர வீட்டில கிடக்கு. தரமாட்டன்."

கொட்வின் அப்பளத்தை நொறுக்கினார். சுற்றிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "புதுசா ஒரு மெட்டு வந்திருக்கு பிள்ளை. நல்ல சோகம். ஆனால் கடைசிச் சரணத்துக்கு…"

நகுலேஸ்வரி பாயாசத்தை வழித்து வாயில் வைத்தாள். மணவறைப் பக்கம் ஒருதரம் பார்த்தாள். கோசிகா மாப்பிள்ளைக்கு ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"சாகிறன் அண்ணை," என்றாள். "ஆராத்தி எடுத்தாச்சு. இனி எப்ப வேணுமெண்டாலும் சாகலாம்."

பக்கத்து இலையிலிருந்து சச்சிதானந்தன் எட்டிப் பார்த்தார். "ஆனால் ஒரு கிழமைக்கு முதல் சொல்லிப்போடும். நான் லீவு கேக்கவேணும்."